சொன்ன நேரம்

ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அந்த ஊரில் ஒரு மைல் ஓட்டப்பந்தயம் நடக்கும். முந்தி வருகிறவருக்குப் பரிசு கிடையாது. இதைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மறுவருஷம் அவர்களே பெயர் கொடுத்துவிட்டு மைக் முன்னால் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பதை ஊர் பார்த்திருக்கிறது.

ஒரு காலத்தில் அங்கேயும் எல்லா ஊரையும் போலத்தான் பந்தயம் நடந்தது. ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் பெருகியதும் மதுரையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பையன்கள் வந்து ரூம் எடுத்துத் தங்கினார்கள். அதில் பாதிப் பேர் ஷிப்டு போக மிச்ச நேரத்தில் ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிறவர்கள். மூன்று வருஷம் அவர்களே எல்லாப் பரிசையும் தூக்கிக்கொண்டு போக, ஊர்க்காரர்கள் வேலி ஓரமாக நின்று வேர்க்கடலை தின்றார்கள். அப்போது இருந்த பங்குச் சாமியார்தான் இந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஓடுகிற ஒவ்வொருவரும், தனக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிட வேண்டும். கைக்கடிகாரம், செல்போன் எல்லாவற்றையும் மேசை மேல் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு யார் நெருக்கமாக வந்து சேருகிறாரோ அவருக்கு பிரஷர் குக்கர். அன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்காரனும் அரை மணி நேரத்துக்காரியும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

தொரப்பள்ளியைத் தாண்டி, ஒரு பக்கம் ரோஜாத் தோட்டத்துக் கொட்டகைகளும் மறுபக்கம் கம்பெனிகளின் நீளச் சுவருமாக இருக்கிற ஊர் அது. கோயில் வாசலில் கிளம்பி, சுவரை ஒட்டி நடந்து, ரோஜாக் கொட்டகைகளைத் தாண்டி, ஏரிக்கரையில் ஏறி, மதகைச் சுற்றிக்கொண்டு, ஏறிய அதே கரையின் இறக்கத்தில் திரும்பக் கோயிலுக்கு வந்தால் ஒரு மைல். மற்றதெல்லாம் கிலோமீட்டராகிவிட்ட பிறகும் இந்த ஒரு சுற்று மட்டும் அங்கே மைல்தான்.

ஜெபசீலிக்கு அந்தப் பந்தயத்தின் மேல் பெரிய ஆசையெல்லாம் இருந்ததில்லை. கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டித் தரும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. லைன் நகரும், பலகை முன்னால் வரும், அது கடந்து போவதற்குள் தன் பங்கு வயர்களைப் பதித்து, டேப் சுற்றி அனுப்பிவிட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. திருவிழா லீவு கிடைத்தால் காலை நீட்டி உட்காருவதுதான் அவளுக்குப் பண்டிகை. ஓட்டம் என்பது அந்த வீட்டில் அவளுடைய புருஷனின் சொத்து.

பாக்கியராஜ் பள்ளிக்கூடத்து நாளிலேயே மாவட்டத்துக்கு ஓடியவன். ஒரு மைலை நாலு நிமிஷம் நாற்பத்திரண்டு வினாடியில் ஓடினான் என்பதை அவன் கல்யாணப் பேச்சின்போதே மாமனாரிடம் சொன்னான். மாமனாருக்கு அது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று தெரியவில்லை. பையனுக்குக் கெட்ட பழக்கம் இல்லை என்பது மட்டும் புரிந்து பெண்ணைக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினான். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு வந்தது. ஆனாலும் ரோட்டில் எவனாவது ஓடிப்போனால் பஸ்ஸை மெதுவாக்கி, அவன் கையை எப்படி வீசுகிறான் என்று பார்த்து, "ம்ஹூம்" என்று சொல்லாமல் அவனால் தாண்ட முடியாது.

போன செப்டம்பரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தான். கம்பெனியில் பஸ்ஸை வாங்கிக்கொண்டு, கேட்டில் வண்டி எண்களைப் பதிகிற வேலை கொடுத்தார்கள். தினமும் நடக்கலாம், இரண்டு மாதம் போனால் கொஞ்சம் வேகமாகவே நடக்கலாம், ஆனால் பேச்சு தடைபடாமல் நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். பாக்கியராஜ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

அவன் தலையாட்டியதை ஜெபசீலி நம்பியதுதான் தப்பு. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், ரோஜாக் கொட்டகைகளின் பின்புறமாகக் குறுக்கு வழியில் நடந்தாள். அங்கே ஒரு ஆள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். யாரோ கூலிக்காரன், வயிற்றுவலி போலிருக்கிறது என்று நினைத்துக் கிட்டே போனாள். பாக்கியராஜ். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கத்தவில்லை. டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "எட்டே முக்காலு நிமிசம் மே, ஒரு மைலு" என்றான். அதைக் கேட்டு அவள் இன்னும் பலமாக அழுதாள்.

அதற்குப் பிறகு அவனுடைய ஷூவை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுப் பூட்டினாள். வீட்டில் பேச்சுவார்த்தை இருந்தது, ஆனால் ருசி இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள். அவரைக்காய் காலம். ராத்திரி ஊறவைத்த அவரைக்கொட்டையை அன்னக்கூடையில் கொட்டி வைத்துக்கொண்டு மூன்று பேரும் பிதுக்க உட்கார்ந்தார்கள். இரண்டு விரலால் ஒரு அழுத்து. தோல் கையில் நிற்க, பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இருந்தால் பாக்கியராஜுக்கு ஆட்டுக்கறியே வேண்டாம். கதவைச் சாத்தியும் குளிர் உள்ளே வந்தது. மகள் வின்சி கம்பளிக்குள் கால்களை மடக்கிக்கொண்டிருந்தாள். அவள் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிறவள். அப்பனுடைய காலும் அம்மாவுடைய பிடிவாதமும் வாய்த்தவள்.

"ஏம்ப்பா, ஒரு மைலுக்கு நல்ல டைம்னா எது?" என்று கேட்டாள். வீட்டில் கொஞ்சம் கலகலப்பு வரட்டும் என்றுதான்.

"ஆளைச் சொல்லு, டைமைச் சொல்றன்."

"எனக்கு?"

"உனக்கு ஆறரை. ஆறே முக்காலு வந்தாலும் கிரவுண்டுல தைரியமா நிக்கலாம். ஏழுக்கு மேல ஆச்சின்னா சத்தமில்லாம பஸ் ஏறி வூட்டுக்கு வந்துரு."

"ஆர்மிக்குப் போற பசங்களுக்கு?"

"அஞ்சரைக்குள்ள வரணும். அஞ்சேகாலுன்னா தோள்ல கையப் போட்டு டீ வாங்கித் தரலாம். நாலரைக்கு வந்தான்னு வெச்சிக்கோ, அவன நம்ம ஊருல வெச்சிக்கக் கூடாது, ஸ்டேட்டுக்கு அனுப்பிறணும்."

"வெங்கடசாமி மாமாவுக்கு?"

பாக்கியராஜ் சிரித்தான். வெங்கடசாமி அவனோடு அந்தக் காலத்தில் ஓடி, எப்போதும் இரண்டாவதாக வந்தவன். இப்போது ரோஜாத் தோட்டம் வைத்து நன்றாக இருக்கிறான். "அவனுக்கா? மூட்டு வலி, தொப்பை, அம்பத்திமூணு வயசு. பத்து நிமிசத்துல வந்தா அவனுக்கு மாலை போடலாம்."

"பால் ஊத்துற கெம்பம்மாவுக்கு?"

"அறுபத்தெட்டு வயசுல அந்தம்மா ஓடுறதே பெருசு. அரை மணின்னாலும் அது நல்ல டைம்தான். ஆளுக்கு ஆளு மாறும்டி. அடுத்தவன் டைமை வெச்சி நம்ம ஓட்டத்தப் பாக்கக் கூடாது."

ஜெபசீலி கையிலிருந்த கொட்டையைப் பிதுக்காமல் நிறுத்தினாள். "ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு?"

பருப்பு துள்ளும் சத்தம் நின்றுவிட்டது. வின்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அதுக்கெல்லாம் டைம் கெடையாது மே" என்றான் பாக்கியராஜ். "அது ஓட்டத்துல சேர்த்தியே இல்ல."

"இப்பத்தான் ஆளுக்கு ஆளு மாறும்னீங்க."

"சொன்னன். அதுக்கின்னா இப்ப?" கொஞ்ச நேரம் தோலை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்: "திருமலை கிட்ட பேர் குடுத்துட்டன்."

திருமலை, சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். திருவிழாவில் மைக் அவன் கையில்தான்.

"எத்தினி நிமிசம் சொல்லப் போறீங்க?"

"எட்டு."

"எட்டு!" ஜெபசீலி கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஐசியூ வாசல்ல நா எப்புடி நின்னன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க உள்ள படுத்துங்கெடந்தீங்க. கண்ணாடி வழியாப் பாத்தா உங்க காலு மட்டும்தான் தெரிஞ்சது. அது ஆடுதா ஆடுதான்னு பாத்துக்கினே நின்னன். உங்களுக்கு எட்டு நிமிசம் பெருசு. எனக்கு அந்தக் காலு பெருசு."

"வெங்கடசாமி முன்னாடி நா எப்புடி மே நடந்து போறது?"

"பேரை எடுத்துருங்க."

"பேரு குடுத்துட்டு எடுத்தா ஊரு சிரிக்கும்."

அது உண்மைதான். எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் சொல்லலாம், ஊர் பொறுத்துக்கொள்ளும். பெயரைக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் மட்டும் அடுத்த திருவிழா வரைக்கும் விடாது. ஜெபசீலி எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள். களிக்கு மாவு போட்டாள். துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "அப்ப நானும் ஓட்றன். நா சொல்ற டைமைத்தான் நீங்களும் சொல்லணும். என் கூடவேதான் வரணும்."

வின்சி சிரித்துவிட்டாள். பாக்கியராஜும் சிரித்தான். "நீயா? பஸ்ஸுக்கே ஓடாதவ."

"பதினாறு நிமிசம்" என்றாள் ஜெபசீலி. "டாக்டரு சொன்ன நடை அதுதான். சம்மதம்னா ஷூ வெளிய வரும். இல்லன்னா அது அரிசிக்குள்ளயே கெடக்கும்."

களி வெந்ததும் உருண்டை பிடித்து, குழம்பு ஊற்றி பாக்கியராஜின் முன்னால் வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "ஷூவ எடு" என்றான்.

திருவிழா நல்லபடியாக முடிந்து, மறுநாள் பந்தயக் காலையில் பனி ஏரியை மூடியிருந்தது. கம்பெனிச் சுவருக்கு மேல் விளக்குகள் இன்னும் எரிந்தன. பூசை முடிந்து வந்த கூட்டம் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கோயில் வாசலில் நின்றது. ஜெபசீலி சுடிதார் மேல் கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வின்சியின் பழைய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கியிருந்தாள். ஆர்மிப் பையன்கள் பனியனோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குளிரைக் கண்டுகொள்ளவே இல்லை.

மைக் கை மாறிக்கொண்டே வந்தது. ஒரு பையன் ஐந்து இருபது என்றான். வின்சி ஆறு நாற்பது. வெங்கடசாமி தொப்பையைத் தட்டிக்கொண்டு, "பதினொண்ணு. என் பொண்டாட்டி பன்னெண்டுன்றா. பாப்போம்" என்றான். கெம்பம்மா, "மூவத்து நிமிஷா" என்று கன்னடத்தில் சொல்லி, புரியாதவர்களுக்காக மூன்று விரலைக் காட்டி, பக்கத்தில் ஒரு சுழி போட்டாள்.

"அடுத்து நம்ம ஊரு மெயில் வண்டி, பாக்கியராஜு அண்ணன்!" என்றான் திருமலை. கை தட்டினார்கள். மைக்கைப் பிடித்ததும் புருஷன் பேச்சு மாறிவிடுவான் என்று ஜெபசீலி பயந்தாள். அவன் தொண்டையைக் கனைத்தான். வெங்கடசாமியைப் பார்த்தான். பிறகு, "பதினாறு" என்றான்.

திருமலைக்குக் கூட கிண்டல் வரவில்லை. பாக்கியராஜின் காது சிவந்தது. அவள் மைக்கை வாங்கி, "எனக்கும் பதினாறு. கல்யாணத்துலருந்து இவரு முன்னாடிதான் நடப்பாரு. இன்னிக்கு ஒரு நாளாவது கூட நடக்கட்டும்" என்றாள். கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. வெங்கடசாமிதான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தான். பாக்கியராஜும் சிரித்துவிட்டான்.

விசில் ஊதியதும் பையன்கள் பனிக்குள் மறைந்தார்கள். வின்சி அவர்கள் பின்னால் போனாள். வெங்கடசாமி குலுங்கிக் குலுங்கி முன்னால் போவதைப் பார்த்ததும் பாக்கியராஜின் கால் தானாக நீண்டது. ஜெபசீலி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"பேசிக்கினே வாங்க" என்றாள்.

"இன்னா பேசறது?"

"எதையாச்சும். பேச்சு நின்னா நானும் நின்னுருவன்."

சுவர் ஓரமாக நடந்தார்கள். நடை என்றால் சும்மா நடை இல்லை, கை வீசி விரைந்து போகிற நடை. ஜெபசீலிக்கு வேகத்தைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. லைனில் பலகை நகருகிற வேகம் அவள் உடம்பிலேயே இருந்தது. இந்தக் கொட்டகைக்கு இத்தனை பலகை, அந்த மரத்துக்கு இத்தனை பலகை என்று கால் தானாகக் கணக்குப் போட்டது. இப்படியே போனால் பதினாறு என்று அவளுக்குத் தெரிந்தது. குக்கர் கிடைத்தால் யாருக்குக் கொடுக்கலாம் என்று கூட யோசித்தாள்.

"வேகமா ஓட்றப்ப எப்புடி இருக்கும்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"நல்லாவே இருக்காது மே" என்றான் அவன். "மொதக் காலு மைலு ஜாலியா இருக்கும். ரெண்டாவது, இன்னாத்துக்குடா வந்தோம்னு இருக்கும். மூணாவது, அதான் மோசம். நெஞ்சு எரியும், காலு நம்ம காலு மாதிரியே இருக்காது. செத்தாத் தேவலன்னு இருக்கும்."

"நாலாவது?"

அவன் யோசித்தான். ஏரிக்கரை ஏற்றம் வந்துவிட்டது. அவள் சட்டையை விடாமல் அவனை மெதுவாக்கினாள்.

"நாலாவது காலு மைலு அதே வலிதான். ஆனா வலிக்குதுன்னு நெனைக்க நேரம் இருக்காது. வூடு, கடன், பரிச்சை, அப்பா அடிச்சது ஒண்ணுமே மண்டையில இருக்காது. அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் மத்த மூணையும் ஓட்றது."

"ஒண்ணுமே இருக்காதா?"

"ஒண்ணுமே."

எதிரே மதகைச் சுற்றித் திரும்பிய வெங்கடசாமி மூச்சிரைக்க, "பதினாறு! நீங்க ரெண்டு பேரும் பேசியே ஜெயிச்சிருவீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முதுகைப் பார்த்தபடி பாக்கியராஜ் அதே நடையில் வந்தான். இந்த முறை அவன் கால் நீளவில்லை. அவள் அதைக் கவனித்தாள். செப்டம்பரிலிருந்து அவள் மண்டையில் ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட அந்தக் கண்ணாடியும் அதற்குள் இருந்த கால்களும் இல்லாமல் போனதில்லை. லைனில் நிற்கும்போதும் இருந்தன, தூக்கத்திலும் இருந்தன.

மதகைச் சுற்றினார்கள். பனி விலகிக் கோயில் கோபுரம் தெரிந்தது. அங்கிருந்து வாசல் வரைக்கும் இறக்கம். கால் மைல் இருக்கும்.

"நா போட்டுமா?" என்றாள்.

"எங்க?"

"ஓடிப் பாக்கறன்."

"அடிப்பாவி, பதினாறு சொல்லிருக்கோம்! டைமு கெட்டுப் போயிடும்."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது." அவள் சட்டையை விட்டாள். விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நொடி அப்படியே வைத்திருந்தாள். "நீங்க ஓடியாந்துடாதீங்க. பேசிக்கினே வாங்க."

"யாரு கூட?"

"செபஸ்தியாரு கூட" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

முதலில் ஷூ கழன்றுவிடும் போலிருந்தது. ஜாக்கெட் பறந்தது. நாற்பத்தாறு வயதில் உடம்பில் எதெது குலுங்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. விலாவில் குத்தல் எடுத்தது. தொண்டையில் குளிர்க்காற்று கத்தியாக இறங்கியது. பின்னால் பாக்கியராஜ் கத்துவது கேட்டது: "கையக் கீழ வையி! தோளத் தூக்காத! மூச்ச வாயில வுடு!" அந்தக் குரல் தடைபடாமல், திடமாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஓடினாள். பால் கேன் இல்லாமல் கையை வீசிக்கொண்டு எதிரே ஏறி வந்துகொண்டிருந்த கெம்பம்மா, "நிதானா ஹோகம்மா!" என்று ஒதுங்கினாள். மெதுவாகப் போகச் சொன்னாள். ஜெபசீலி மெதுவாகப் போகவில்லை. கோயில் வாசலும் கூட்டமும் மைக்கும் மட்டும் முன்னால் இருந்தன. கண்ணாடி இல்லை, கால் இல்லை, ஒன்றும் இல்லை.

கோட்டைத் தாண்டி நாலடி போய் வின்சியின் மேல் சாய்ந்தாள். "பதினாலு இருவது!" என்று திருமலை மைக்கில் கூவினான். "ஒண்ணரை நிமிசத்துக்கு மேல முந்தி வந்து, ஜெபசீலி அக்கா குக்கரைக் கோட்டை விட்டாங்க!"

அவள் திரும்பிப் பார்த்தாள். இறக்கத்தில் பாக்கியராஜ் நடந்து வந்துகொண்டிருந்தான். பையன்கள் "ஓடுண்ணா, ஓடுண்ணா" என்று கத்தினார்கள். அவன் ஓடவில்லை. கை வீசி, வாய் எதையோ முணுமுணுக்க, அவள் பிடித்துக்கொண்டு வந்த அதே நடையில் வந்தான். அவளுக்குக் கண் கரித்தது. நாலு மாதம் ஒரு சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டோம் என்று தோன்றியது.

அவன் பதினாறு நிமிஷம் எட்டு வினாடியில் கோட்டைத் தொட்டான். கெம்பம்மா வந்து சேர்கிற வரைக்கும் குக்கர் அவனுக்குத்தான் என்று இருந்தது. தினமும் அதே கரையில் பால் ஊற்றப் போய் வருகிற அவள் அரை மணிக்கு மூன்று வினாடி முன்னால் வந்து அதைத் தட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் ஏற்கெனவே நாலு குக்கர் இருக்கிறது.

கோட்டைத் தாண்டியதும் பாக்கியராஜ் தன் நேரத்தைக் கேட்கவே இல்லை. நேராக ஜெபசீலியிடம் வந்தான். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஓடுன கடைசிக் காலு மைல எண்ணிக்கினே வந்தன்" என்றான். "ரெண்டே காலு நிமிசம். முழு மைலும் அப்புடி ஓடுனா ஒம்போது."

"ஒம்போது நல்ல டைமா?" அவளுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. "நாப்பத்தாறு வயசு பொம்பளைக்கு, மொத தடவைக்கு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும், அருமையான டைம் என்று சொல் என்பதுபோல அவனைப் பார்த்தார்கள். பாக்கியராஜ் யாரையும் பார்க்கவில்லை. ரோட்டில் ஓடுகிறவர்களைப் பார்க்கும் அதே கண்ணால், தலையைச் சாய்த்து, அவளை உச்சி முதல் ஷூ வரைக்கும் அளந்தான்.

"சுமாரு" என்றான். "எறக்கத்துல வந்தது வேற. கையி ரொம்ப ஆடுது. நாளைக்கு ஷிப்டு முடிஞ்சி வா, எட்டரை நிமிசத்துக்குக் கொறைச்சிரலாம்."